கடைச் சாவியைக் கண்ணாடித் திரையிடம் கொடுக்கலாமா?

நம் சங்கத்தின் பொங்கல் விழாவில் சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது, ராணிகஞ்சில் பம்ப், மோட்டார் உதிரிப் பாகங்கள் விற்கும் நண்பர் ஒருவர் என் பக்கத்து இலையில் வந்து அமர்ந்தார். முப்பது வருடமாகக் கடை நடத்துபவர். "சார், நீங்கள் ரயில்வேயில் சிக்னல் இன்ஜினியராக இருந்தவர். ஒரு யோசனை வேண்டும். பையன் புதிதாக வந்திருக்கிற ஒரு டச் போன் வாங்கப் போகிறான். விலை எண்பதாயிரம். அது வந்துவிட்டால் கடையில் கம்ப்யூட்டர், பில் புத்தகம், பேரேடு எதுவும் வேண்டாம், எல்லாமே அதில் நடக்கும் என்கிறான். நம்பலாமா?" என்று கேட்டார்.

பாயசம் வருகிற நேரத்தில் கேட்கிற கேள்வியா இது! யோசித்துச் சொல்கிறேன் என்று தப்பித்துக் கொண்டேன். நான் யோசித்து முடிப்பதற்குள் மே மாதம் வந்து பாதி பதிலைச் சொல்லிவிட்டது.

போன் வாங்கியாயிற்று. பழைய கம்ப்யூட்டர் எடைக்குப் போயிற்று. லேண்ட்லைனை மட்டும் நண்பர் விட மறுத்துவிட்டார். அந்த நம்பர் ராசியானதாம். மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாந்தேடுக்கு ஒன்றரை லட்ச ரூபாய்ச் சரக்கு போக வேண்டும். லாரி ஏழு மணிக்கு. நாலு மணிக்குப் போனின் திரையில் மேலிருந்து கீழாக ஒரு பச்சைக் கோடு விழுந்தது. அரை மணி நேரத்தில் திரை முழுவதும் இருட்டு.

இதில் வேடிக்கை என்னவென்றால், போன் சாகவில்லை. மணி அடிக்கிறது, யார் கூப்பிடுகிறார்கள் என்று தெரியவில்லை, எடுக்கவும் முடியவில்லை. ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு ஈ-வே பில் வேண்டும். பக்கத்துக் கடைக் கம்ப்யூட்டரில் போட்டுவிடலாம் என்று ஓடினார்கள். உள்ளே நுழைய அது ஓடிபி கேட்டது. ஓடிபி வந்து சேர்ந்த 'டிங்' சத்தம் போனிலிருந்து நன்றாகவே கேட்டது. படிக்கத்தான் வழியில்லை. சிம்மைக் கழற்றி வேறு போனில் போடலாமே என்றால், அது ஈ-சிம், கழற்றுவதற்கு ஒன்றுமில்லை. லாரி ஆபீஸ்காரர், "இன்வாய்ஸ் கொடுங்கள், நானே ஈ-வே பில் போட்டுத் தருகிறேன்" என்றார். இன்வாய்ஸ் போனுக்குள் இருந்தது. லாரி போய்விட்டது. கோடையில் போர்வெல் மோட்டார் நின்றுபோன விவசாயி திங்கட்கிழமை வரை காத்திருப்பாரா? பதினெட்டு வருட வாடிக்கையாளரான நாந்தேடு வியாபாரி சரக்கை வேறு இடத்தில் வாங்கிக் கொண்டார். அதைச் சொல்ல அவர் கூப்பிட்டது லேண்ட்லைனில்.

போன் கெட்டதற்கு வெயில்தான் காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். பிரித்துப் பார்க்காமல் காரணம் சொல்வது எங்கள் வழக்கமில்லை. ஆனால் ஒரு கணக்கை மட்டும் சொல்கிறேன். ஐபோனைப் பயன்படுத்தத் தகுந்த சுற்றுப்புற வெப்பம் 0 முதல் 35 டிகிரி வரை என்று ஆப்பிள் கம்பெனியே எழுதி வைத்திருக்கிறது. (நண்பருடையது அந்தக் கம்பெனிப் போன் அல்ல.) நம் ஊர் மே மாதம் நாற்பதைத் தாண்டும். தகரக் கூரைக்குக் கீழே, கண்ணாடி மேஜைமேல், சாய்ந்த வெயிலில் கிடக்கிற போனுக்கு எவ்வளவு என்று நீங்களே போட்டுக் கொள்ளுங்கள்.

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன். சிக்னல் இலாகாவில் ஒரு கருவியைப் பற்றி முதலில் கேட்கிற கேள்வி "இது கெடுமா?" என்பதல்ல. கெடாத கருவி உலகத்தில் இல்லை. "கெட்டால் எந்தப் பக்கம் கெடும்?" என்பதுதான் கேள்வி. பழைய கைகாட்டி மரத்தை நினைவிருக்கிறதா? கை படுக்கையாக இருந்தால் நில், சாய்ந்தால் போகலாம். அதை இழுக்கிற கம்பி அறுந்து போனால், எதிர் எடை கையைத் தானாகவே படுக்கை நிலைக்குக் கொண்டுவந்துவிடும். வண்டி தாமதமாகும், மோதாது. அதேபோல் தண்டவாளத்தில் ஓடும் சிறு மின்சாரம் தண்டவாளம் உடைந்தாலோ பேட்டரி தீர்ந்தாலோ நின்றுவிடும். உடனே ரிலே தன் எடையாலேயே கீழே விழும், சிக்னல் சிவப்பாகும். நல்ல பக்கமாகக் கெடுவது என்றால் இதுதான்.

இந்தக் கண்ணால் தொடுதிரைப் போனைப் பாருங்கள். பழைய பட்டன் போனில் பார்ப்பது ஒரு உறுப்பு, அமுக்குவது இன்னொரு உறுப்பு. திரை போனாலும் விரலால் தடவியே நம்பரைப் போட்டுவிடலாம். என் மாமியார் கண் மங்கிய காலத்தில் அப்படித்தான் பேசினார். தொடுதிரையில் கண்ணும் கையும் ஒன்றே. அந்த ஒரு கண்ணாடி போனால் உள்ளே மூளை, ஞாபகம், காது எல்லாம் நன்றாக இருந்தும் நமக்கு வாசல் இல்லை. போதாததற்கு, விரல் படும்போது ஏற்படும் மிகச் சிறிய மின் மாறுதலைக் கொண்டுதான் இந்தத் திரை வேலை செய்கிறது. ஈர விரல், தண்ணீர்த் துளி, சாதாரணக் கையுறை எல்லாம் அதைக் குழப்பும். ஆபீஸில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு இது பெரிய விஷயமில்லை. பேரிங்குக்குக் கிரீஸ் போட்ட கையோடு போனை எடுப்பவருக்கு விஷயம்தான்.

இது கடைக்காரர் பிரச்சினை மட்டும் என்று எண்ண வேண்டாம். 2017 ஆகஸ்ட் 21 அன்று சிங்கப்பூர் அருகே அமெரிக்கக் கடற்படையின் 'ஜான் எஸ். மெக்கெயின்' என்ற போர்க்கப்பல் ஒரு டாங்கர் கப்பலோடு மோதிப் பத்து மாலுமிகள் இறந்தார்கள். அந்தக் கப்பலில் சுக்கானையும் வேகத்தையும் தொடுதிரையில் ஆள வேண்டும். கட்டுப்பாடு எந்த மேஜையில் இருக்கிறது என்றே மாலுமிகளுக்குக் குழப்பம். இரண்டு விசிறிகளில் ஒன்றின் வேகத்தை மட்டும் குறைத்து, இரண்டையும் குறைத்ததாக நினைத்தார்கள். கப்பல் இடது பக்கம் திரும்பிவிட்டது. பயிற்சிக் குறைவும் பெரிய காரணம் என்பது உண்மை. ஆனாலும் விசாரணைக்குப் பிறகு, 2019-ல், அந்த வகைக் கப்பல்களில் வேகத்துக்குப் பழையபடி கையால் தள்ளும் நெம்புகோலையே வைப்பது என்று கடற்படை முடிவு செய்தது.

"புதிதாக வந்திருக்கிறது" என்ற சொல்லும் எனக்குப் பிடிப்பதில்லை. 2016 ஆகஸ்டில் சாம்சங் கம்பெனி நோட் 7 என்ற போனை வெளியிட்டது. பேட்டரி தீப்பற்றியதால் செப்டம்பர் தொடக்கத்தில் இருபத்தைந்து லட்சம் போன்களைத் திரும்பப் பெற ஆரம்பித்தார்கள். வேறு பேட்டரி போட்டுக் கொடுத்தவையும் எரிந்தன. அக்டோபர் 11 அன்று அந்த மாடலையே நிறுத்திவிட்டார்கள். முதல் பேட்டரியில் ஒரு குறை, மாற்று பேட்டரியில் வேறொரு குறை என்று அடுத்த ஜனவரியில் அவர்களே காரணத்தைச் சொன்னார்கள். ஒளிக்காமல் சொன்னதைப் பாராட்ட வேண்டும். ஆனால் இரண்டு மாதத்தில் கதை முடிந்த ஒரு போனை நம்பி அதற்குள் எத்தனை வியாபாரிகள் கணக்கை ஏற்றியிருப்பார்கள்!

இதோடு நம் தென்மத்திய ரயில்வேயைச் சற்று ஒப்பிடுகிறேன். கொஞ்சம் பெருமையடித்துக் கொள்கிறேன், பொறுத்துக் கொள்ளுங்கள். வண்டிகள் மோதாமல் காக்கும் 'கவச்' கருவியை லிங்கம்பள்ளி, விகாராபாத், வாடி, பீதர் பகுதிப் பாதைகளில்தான் பரீட்சை செய்தார்கள். பயணிகள் வண்டிகளில் சோதனை 2016 பிப்ரவரியில் தொடங்கியது. நாடு முழுவதற்கும் உரியது என்று ஏற்றுக் கொண்டது 2020 ஜூலையில். 2022 மார்ச்சில் குல்லகூடா, சிட்கிட்டா நிலையங்களுக்கு இடையே ஒரே பாதையில் எதிரெதிராக வண்டிகளை விட்டு, ரயில்வே மந்திரியே எஞ்சினில் ஏறி நின்று பார்த்தார். மற்ற வண்டிக்கு 380 மீட்டர் முன்னால் எஞ்சின் தானாக நின்றது. புதிய கருவி என்றால் எங்களுக்கு அத்தனை வருடம்! கடைக்காரர் நாலு வருடம் காத்திருக்க வேண்டாம். வெளியாகி ஆறு மாதமாவது ஆன மாடலாக, அபிட்ஸ் ஜகதீஷ் மார்க்கெட்டில் திரை கிடைக்கிற மாடலாக வாங்கினால் போதும்.

நல்ல போனே வாங்கினாலும், அதன் பின்னால் இருப்பவை நம் கையில் இல்லை. 2025 ஏப்ரல் 12, சனிக்கிழமை யூபிஐ நாடு முழுவதும் தடுமாறியது. அன்று மோண்டா மார்க்கெட்டில் காய்கறியைப் பையில் போட்டுக் கொண்டு, பணம் போகாமல் நின்றவர்களில் நானும் ஒருவன். கத்தரிக்காய்க்காரம்மா "நாளைக்குக் கொடு" என்று விட்டுவிட்டார். அதற்கு முந்தைய வருடம், 2024 ஜூலை 19 அன்று, கிரவுட்ஸ்டிரைக் கம்பெனி அனுப்பிய ஒரே ஒரு தவறான திருத்தத்தால் உலகெங்கும் எண்பத்தைந்து லட்சம் கம்ப்யூட்டர்கள் படுத்துவிட்டன. நம் ஹைதராபாத்திலிருந்து கொல்கத்தா போன பயணி ஒருவருக்கு இண்டிகோ கம்பெனியார் பேனாவால் எழுதிக் கொடுத்த போர்டிங் பாஸின் படம் பத்திரிகைகளில் வந்தது. பலர் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எழுத ஒரு தாளும் எழுதத் தெரிந்த ஆளும் இருந்ததால் விமானம் போயிற்று.

ரயில்வே அன்பர்களுக்கு இது புதிதல்ல. ஓடிபி என்று இன்று சொல்வதை நாங்கள் 'பிரைவேட் நம்பர்' என்று எத்தனையோ காலமாக வைத்திருக்கிறோம். ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் அடுத்த ஸ்டேஷனுக்கு உறுதி சொல்லும்போது தன் தாளிலிருந்து ஒரு எண்ணைச் சொல்வார்; சொன்ன எண்ணை அடித்துவிட வேண்டும், மறுபடி பயன்படுத்தக் கூடாது. வித்தியாசம் எங்கே என்றால், பிளாக் கருவி கெட்டால் அதோடு சேர்ந்த டெலிபோன், அது போனால் கண்ட்ரோல் டெலிபோன், அதுவும் போனால் வயர்லெஸ், எதுவுமே இல்லையென்றால் எஞ்சினையோ டிராலியையோ எழுத்து அதிகாரத்தோடு அனுப்பித் தொடர்பைத் திறப்பது என்று வரிசையாக வழி உண்டு. சிக்னல் கெட்டால் டி/369 (3பி) தாள் எழுதிக் கொடுத்து வண்டியை அனுப்புவோம். கடையில் ஓடிபிக்கு ஒரே வழி, ஒரே போன்.

நண்பரின் மகனிடம் இதையெல்லாம் சொன்னேன். படித்த பிள்ளை, சும்மா இருப்பாரா? "அங்கிள், 2020 அக்டோபர் மழையில் கடைக்குள் முழங்கால் தண்ணீர் வந்ததே, அப்போது பேரேடு எந்தப் பக்கமாகக் கெட்டது? அப்பாவின் ஆறு வருடக் கணக்கு கூழாகிவிட்டது. நான் போனில் எடுத்து வைத்த பில் படங்களை வைத்துத்தான் பாக்கியே வசூலித்தோம்" என்றார்.

இதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர் சொன்னது சரி. காகிதம் புனிதமானது என்று நான் சொல்ல வரவில்லை. எலியும் மழையும் கரையானும் அதற்கு எமன். போனிலிருந்து வெளியே ஒரு நகல் தானாகப் போய்ச் சேர்வது பேரேட்டில் கிடையாது. நான் வேலையில் சேர்ந்த காலத்து மின்னணுச் சாமான்களோடு ஒப்பிட்டால் இன்றைய போன் உறுதியில் எத்தனையோ மேல். போன் வியாபாரத்துக்கு ஏற்றதுதான். ஒரே ஒரு போன் என்றால்தான் ஏற்றதல்ல.

அவர்கள் இருவருக்கும் நான் சொன்ன யோசனை இதுதான். எண்பதாயிரத்துக்கு ஒன்று வாங்குவதற்குப் பதில் இருபதாயிரத்துக்கு இரண்டு. ஒன்று கடையில், ஒன்று வீட்டில். இரண்டிலும் வேறு வேறு கம்பெனி இணைப்பு; ஓடிபி வருகிற நம்பர் கழற்றி மாட்டக்கூடிய சிம்மில் இருக்க வேண்டும். கணக்கு ஒவ்வொரு ராத்திரியும் போனுக்கு வெளியே ஒரு இடத்துக்குப் போக வேண்டும். வருடத்துக்கு ஐந்து கோடிக்குக் கீழே வியாபாரம் செய்பவருக்குக் கையெழுத்து இன்வாய்ஸ் செல்லும். ஆகவே தனி வரிசை எண்ணோடு ஒரு பில் புத்தகம் அச்சடித்து மேஜையில் வையுங்கள். முக்கியமான இருபது நம்பர்களை ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் மாட்டுங்கள். மாதத்தில் ஒரு நாள், கூட்டமில்லாத நாளாகப் பார்த்து, போனை மேஜை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டுக் கடையை நடத்திப் பாருங்கள்.

கடைசி யோசனைக்கு மட்டும் மகன் முகத்தைச் சுளித்தார். அப்பாவுக்கு அதுதான் மிகவும் பிடித்தது.

சென்ற வாரம் ராணிகஞ்சு பக்கம் போனபோது கடைக்குள் நுழைந்தேன். மேஜைமேல் புதிய பில் புத்தகம் இருந்தது. நாந்தேடு வியாபாரி பாதி ஆர்டரை மறுபடி இவர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்திருக்கிறார். மீதிப் பாதி இன்னும் வரவில்லை. லேண்ட்லைனுக்கு மேலே சுவரில் அட்டை தொங்கியது. லாரி ஆபீஸ், பாங்க், ஆடிட்டர், நாந்தேடு, அதற்குக் கீழே என் நம்பர். என் நம்பரில் ஒரு இலக்கம் தவறு. பேனாவை வாங்கித் திருத்திவிட்டு வந்தேன்.