தகப்பன் தைத்த வஸ்திரங்கள்



பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட ஒரு கிராமத்தில் தையற்கடை வைத்திருந்த விசுவாசி ஒருவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். 1956-ல் மாநில எல்லை வகுக்கப்பட்டபோது நெய்யாற்றின்கரை கேரளத்திலும் விளவங்கோடு தமிழகத்திலும் அமைந்தன. அவருடைய கடைக்கோ எல்லை இருந்ததில்லை. களியக்காவிளையிலிருந்தும் துணியோடு வருவார்கள். சிறியோரும் பெரியோரும் அவரை "டெய்லர் மாமா" என்றே அழைத்தார்கள். ஞானஸ்நானம் பெறப்போகிற ஏழைகளுக்கு வெள்ளை உடை தைத்தால் அவர் கூலி வாங்குவதில்லை.

அடக்க ஆராதனைக்குப் பின்பு, பட்டணத்தில் வேலைபார்க்கும் அவருடைய மகன் கண்ணீரோடு என்னிடம் சொன்னார்: "ஐயா, யார் கேட்டாலும் அப்பா வியாபாரம் செய்கிறார் என்றே சொல்லிவந்தேன். என் கல்யாணப் பேச்சிலும் அப்படியே சொன்னேன். அப்பா பக்கத்தில்தான் இருந்தார், ஒன்றும் பேசவில்லை."

பிரியமானவர்களே, அப்போஸ்தலர் 9-ஆம் அதிகாரத்தில் யோப்பா பட்டணத்துத் தொற்காளைக் காண்கிறோம். அவள் மரித்தபோது விதவைகள் பேதுருவிடம் அவளுடைய வம்சத்தையோ ஆஸ்தியையோ எடுத்துச் சொல்லவில்லை. அவள் தைத்துக்கொடுத்த உடைகளையே காட்டி அழுதார்கள். ஊசியும் நூலும் பிடித்த கைகளுக்கு வேதம் கொடுக்கும் கனம் அது.

நம்முடைய மண்ணில் இந்தத் தொழிலுக்கு மேலும் ஒரு கனம் உண்டு. தெற்குத் திருவிதாங்கூரில் நம் முன்னோரின் பெண்கள் மார்பை மறைத்ததற்காக அடிக்கப்பட்டார்கள். அவர்களுடைய குப்பாயங்கள் கிழிக்கப்பட்டன. தோள்சீலைப் போராட்டத்தின் முடிவில், 1859-ஆம் ஆண்டு ஜூலை மாதம் அரச அறிவிப்பு வந்தது. அதிலும், உயர்சாதிப் பெண்களைப்போல அணியக்கூடாது என்ற நிபந்தனை இருந்தது. அந்நாட்களில் மிஷனெரிமாரின் மனைவிகள் பெண்பிள்ளைகளுக்குத் தையல் கற்றுக்கொடுத்தார்கள். தைத்த உடை அக்காலத்தில் அலங்காரமல்ல, மானம். அப்படிப்பட்ட தொழிலைச் செய்த தகப்பனைக் குறித்து நாம் வெட்கப்படலாமா?

அந்த மகன் கடையைத் திறந்து, தகப்பனாரின் அளவு நோட்டுகளை எடுத்துப் பார்த்தார். ஊராருடைய பெயர்களுக்கிடையே தம்முடைய பெயரும் இருந்தது. ஒன்றாம் வகுப்பின் நிக்கர் முதல் கல்லூரிச் சட்டை வரை, தாம் வளர்ந்த ஒவ்வொரு அங்குலமும் தகப்பனாரின் கையெழுத்தில் இருந்தது. கல்யாண உடைக்கு மாத்திரம் அளவு இல்லை. அதைப் பட்டணத்துக் கடையில் வாங்கியிருந்தார்கள்.

"அதற்கும் அப்பா ஒன்றும் சொல்லவில்லை, ஐயா" என்றார்.

தொற்காள் மறுபடியும் கண் திறந்தாள். நம்முடைய சகோதரருக்காகவோ நாம் கடைசி எக்காளத்துக்குக் காத்திருக்கிறோம். அந்த நாளில் தகப்பனும் மகனும் முகமுகமாய்ச் சந்திப்பார்கள் என்பது நம் நம்பிக்கை. ஆனாலும் இங்கே சொல்லவேண்டியதை அதுவரை ஒத்திவைக்க வேண்டுமோ?

பட்டணங்களில் குடியிருக்கும் பிள்ளைகளே, உங்கள் தகப்பன் பனையேறினவரோ, தறி நெய்தவரோ, கொத்தனாரோ, அந்தக் கைகள்தான் உங்கள் படிப்புக்குப் பணம் கட்டின. அவர் உயிரோடிருந்தால் இன்று இரவே தொலைபேசியில் கூப்பிடுங்கள். அவருடைய தொழிலைப் பற்றிக் கேளுங்கள். அவர் கடந்துபோயிருந்தால், உங்கள் பிள்ளைகளை அருகில் உட்காரவைத்து, தாத்தா செய்த வேலையை அதன் பெயராலேயே சொல்லிக்கொடுங்கள். பெற்றோரைக் கனம்பண்ணுதல் அங்கேயும் தொடங்கும்.

அந்த மகன் ஒரு நோட்டைத் தம்மோடு பட்டணத்துக்குக் கொண்டுபோனார். இப்பொழுது யாராவது கேட்டால், "என் அப்பா தையற்காரர்" என்று சொல்லுகிறாராம்.

கர்த்தர் உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.