எதிரொலி தந்த எச்சரிக்கை

மலைச்சாரலில் நின்று கூவினால் குரல் திரும்பி வருவதை நேயர்கள் அறிவீர்கள். அத்தகைய எதிரொலியைக் கொண்டு ஒரு நாடு தன் வானத்தைக் காத்த வரலாற்றை இம்மாதம் காண்போம்.

1935 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், வானொலி அலைகளால் 'மரணக் கதிர்' ஒன்றை ஆக்க இயலுமா என்று பிரிட்டிஷ் விமான அமைச்சகம் ராபர்ட் வாட்சன் வாட் என்னும் விஞ்ஞானியைக் கேட்டது. அவருடைய துணைவர் ஆர்னால்டு வில்கின்ஸ் கணக்கிட்டு, இயலாது என்றார். ஆயினும் அஞ்சல் துறைப் பொறியாளர்கள் முன்பே கண்டிருந்த ஒன்று அவர் நினைவுக்கு வந்தது. அருகே விமானம் பறந்தால் வானொலி அலைகள் கலக்கமுறும் என்பதே அது. கொல்ல இயலாவிடினும் கண்டுகொள்ள இயலுமன்றோ!

1935 பிப்ரவரி 26 அன்று, டேவன்ட்ரியிலிருந்த பி.பி.சி. ஒலிபரப்பு நிலையத்தின் அலைகளினூடே ஹேஃபோர்டு விமானமொன்று பறக்கவிடப்பட்டது. அதன்மீது பட்டுத் திரும்பிய அலைகள் 8 மைல் தொலைவு வரையில் கருவியில் தென்பட்டன. ராடார் பிறந்தது.

வானொலி அலை நொடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் செல்லும். அனுப்பிய துடிப்பு நொடியில் ஆயிரத்திலொரு பங்கு நேரத்தில் திரும்பினால், விமானம் 150 கிலோமீட்டர் தொலைவில் உளது என்பது கணக்கு. இம்முறையில், 360 அடி உயர இரும்புக் கோபுரங்களுடன் கடற்கரையோரம் காவல் நிலையங்கள் எழுந்தன. 1939 இல் போர் மூண்டபோது அவை ஏறத்தாழ 20.

கோபுரங்கள் மட்டுமே பிரிட்டனைக் காத்துவிடவில்லை. கண்ட செய்தி தொலைபேசி வழியே பென்ட்லி பிரையரி தலைமையகம் சேர்ந்தது. அங்கே சரிபார்க்கப்பட்டுப் பிக்கின் ஹில் போன்ற விமானத் தளங்களுக்குச் சென்றது. பெரிய வரைபட மேஜைமீது பெண்கள் குறிகளை நகர்த்தினர். தளபதி ஹியூ டவுடிங் வகுத்த ஏற்பாடு இது. நம் ரயில்வே கண்ட்ரோல் அறையும் இத்தகையதே. அங்கே அமர்ந்திருப்பவர் ஒரு வண்டியையும் கண்ணால் காண்பதில்லை. தம்மிடம் வந்து சேரும் செய்தியைக் கொண்டே அனைத்தையும் நடத்துகிறார்.

1940 ஆகஸ்ட் 30 அன்று பிக்கின் ஹில்லில் குண்டு வீழ்ந்து 39 பேர் மாண்டனர். தாக்குதல் தொடர்ந்தபோதும் பணியை விட்டகலாத அத்தளத்துப் பெண்கள் மூவருக்கு மிலிட்டரி மெடல் வழங்கப்பட்டது.

இனி மறுபுறம் பாருங்கள். 1941 டிசம்பர் 7 காலை 7 மணி 2 நிமிடத்துக்கு, ஹவாய்த் தீவுகளின் ஒபானா ராடாரில் இரு சிப்பாய்கள் பெரியதொரு விமானக் கூட்டத்தைக் கண்டு தெரிவித்தனர். கலிஃபோர்னியாவிலிருந்து வரவேண்டிய நம்மவர் விமானங்களே அவை என்று எண்ணி, கவலை வேண்டாம் என்றார் அதிகாரி. ஒரு மணி நேரத்துக்குள் முத்துத் துறைமுகம் தீப்பற்றி எரிந்தது. கருவி தன் கடமையைச் செய்தது. செய்தியை ஆராய்ந்து உரியவரிடம் சேர்க்கும் ஏற்பாடு அங்கே முற்றுப்பெறவில்லை.

இன்று புயற்காலத்தில் வானிலை நிலையத்தார் தரும் எச்சரிக்கைக்கும் இவ்வெதிரொலி உதவுகிறது. தொலைவில் வாழும் நாம் அதைக் கேட்டவுடன் கடற்கரையூர்களிலுள்ள உற்றாருக்குத் தெரிவித்து, அவர்கள் பாதுகாப்பான இடம் சேரும்வரை விடாது வற்புறுத்துவோமாக.