பண்டிகைக்குப் பாதுகாப்பு கேட்கிறோம்: அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரச் சபை மக்களின் கோரிக்கைச் சாசனம்

விருதுநகர் மாவட்ட ஆட்சியருக்கும் காவல் கண்காணிப்பாளருக்கும், எங்களோடு ஒரே கண்மாயை நம்பி வாழும் எல்லாச் சமயத்து ஊராருக்கும் இதை முன்வைக்கிறோம்.

நாங்கள் நேற்று வந்தவர்கள் அல்ல. 1834இல் மதுரையில் தொடங்கிய அமெரிக்கன் மிஷன் அந்த நூற்றாண்டிலேயே மண்டபசாலையில் கால் ஊன்றியது. அது நட்ட சபைகள் 1947 செப்டம்பர் 27இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்தன. இன்று அவற்றோடு பெந்தெகொஸ்தே சபைகளும், தகரக் கொட்டகையில் கூடும் சிறு சபைகளும் இந்தக் கரிசலில் இருக்கின்றன. மானாவாரி வெள்ளாமை பொய்த்த வருடத்திலும் அறுப்பின் பண்டிகைக்கு ஒரு படி குதிரைவாலியாவது கொண்டுவந்து படைக்கிற ஜனங்கள் நாங்கள்.

எங்கள் பண்டிகை ஓர் அதிகாரியின் தயவில் நிற்கக் கூடாது. அரசியல் சட்டத்தின் 25ஆம் பிரிவு பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் என்று வரம்பு வைத்திருக்கிறது, அதை மதிக்கிறோம். ஆனால் கலகம் செய்வேன் என்று மிரட்டுகிறவனை விட்டுவிட்டு, பாட வந்தவர்களைத் திருப்பி அனுப்புவது பொது ஒழுங்கைக் காப்பது ஆகாது.

முதல் கோரிக்கை, கீத பவனி பற்றியது. டிசம்பர் பிறந்தால் இரவில் வீடு வீடாகப் போய்ப் பாடுவது எங்கள் வழக்கம். காவல் நிலையத்தில் மனு கொடுத்தால் "பார்க்கலாம்" என்ற வாய்ச்சொல்தான் கிடைக்கிறது. கடைசி நாளில் அதுவும் மாறிவிடுகிறது. மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு தர வேண்டும். ஏழு நாளில் எழுத்தில் பதில் வர வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். பதிலே வராவிட்டால் சம்மதம் என்று கொள்ளும்படி ஆட்சியர் சுற்றறிக்கை அனுப்ப வேண்டும்.

அதோடு சேர்ந்ததுதான் தெருப் பிரச்சினை. "எங்கள் தெரு வழியாக வராதே" என்ற குரல் பல நேரம் சாதியின் குரல். அதற்கு மதச் சாயம் பூசப்படுகிறது. உடனே அமைதிப் பேச்சுவார்த்தை என்று தாலுகா அலுவலகத்துக்கு அழைத்து, குருத்தோலை ஞாயிறன்று ஓலை பிடித்து நடக்க வந்தவர்களிடமே "அந்தப் பக்கம் போக மாட்டோம்" என்று எழுதி வாங்கும் முறை ஒழிய வேண்டும். பொதுப் பாதை எல்லாருக்கும் உரியது. மாரியம்மன் பொங்கலுக்கு முளைப்பாரி போகிற தெருவிலும், சந்தனக்கூடு போகிற தெருவிலும் எங்கள் பவனியும் போக வேண்டும். மூன்றுக்கும் ஒரே விதி, ஒரே காவல் வேண்டும்.

ஒலி விஷயத்தில் எங்கள் கடமையை முதலில் சொல்கிறோம். சென்னைச் சபை ஒன்றின் வழக்கில், பிறர் அமைதியைக் குலைத்துப் பிரார்த்தனை செய்ய எந்த மதமும் சொல்லவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2000இல் தீர்ப்பளித்தது. அது எங்களுக்கும் பொருந்தும். கூம்பு ஒலிபெருக்கி கட்ட மாட்டோம். இரவு பத்துக்கு மேல் தெருவில் மேளமோ மைக்கோ இருக்காது. ஆனால் அதே 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், பண்டிகைக்காக வருடத்துக்குப் பதினைந்து நாளுக்கு மிகாமல் நள்ளிரவு பன்னிரண்டு வரை தளர்வு தர அரசுக்கு இடம் கொடுக்கின்றன. டிசம்பர் 24, 31 இரவுகளை அந்தப் பட்டியலில் முன்கூட்டியே அறிவியுங்கள். ஈஸ்டர் விடியலில் கல்லறைத் தோட்டத்தில் ஒலிபெருக்கி இல்லாமல் வெறும் குரலில் பாடுவதை எந்த ஒலி விதியும் தடுக்கவில்லை என்று காவலர்களுக்கும் சொல்லுங்கள்.

ஆலயம் கட்ட ஆட்சியரின் முன் அனுமதி கேட்டு நிற்கும் மனுக்களுக்கு அறுபது நாளில் முடிவு வேண்டும். அதுவரை வீட்டில் கூடி ஜெபிப்பதைக் கட்டட விதி மீறலாகப் பார்க்கக் கூடாது.

ஆராதனைக்கு வருகிறவர்களின் பெயர், சாதி, செல்போன் எண் கேட்டுப் பட்டியல் எடுக்கக் கூடாது. தமிழ்நாட்டில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2002இல் வந்தது. 2004இல் திரும்பப் பெறப்பட்டது. இல்லாத சட்டத்தின் பேரில் எங்கள் சபை ஊழியர்களை விசாரிப்பது ஏன்? கண்காணிப்பு எங்கே போய் முடியும் என்பதற்குச் சீனா சாட்சி. 2018 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்குச் சுமார் இரண்டு வாரம் முன்பு, செங்து நகரின் ஒரு புராட்டஸ்டன்ட் சபையில் போலீஸ் புகுந்தது. அதன் போதகர் வாங் யீக்கு ஒன்பது ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

கண்காணிப்பை அல்ல, பாதுகாப்பைத்தான் நாங்கள் கேட்கிறோம். 2021 கிறிஸ்துமஸ் நேரத்தில் அரியானாவின் பட்டோடியில் ஒரு பள்ளி விழாவுக்குள் கும்பல் புகுந்து நிறுத்தியது. இந்த வட்டாரத்தில் அப்படி ஒன்று நடக்கக் கூடாது. பண்டிகை இரவுகளில் ஒதுக்குப்புறச் சிற்றாலயங்களுக்கு ரோந்து வேண்டும். இடையூறு செய்தவர் மீது அன்றே வழக்குப் பதிய வேண்டும்.

இவற்றுக்கு நவம்பர் முடிவதற்குள் எழுத்தில் பதில் கேட்கிறோம். கீத பவனிக்கு நாள் குறிக்க வேண்டும்.