புறநகரின் வாக்கு வார்டுக்கும் வேண்டும்

சென்னைப் புறநகர்க்காரர்களுக்கு அரசியலில் நாட்டமில்லை என்று பேசுவது கட்சிக்காரர்களுக்குப் பழகிப்போய்விட்டது. தேர்தல் முடிவுகள் அப்படிச் சொல்லவில்லை. தென்சென்னை மக்களவைத் தொகுதியில் மயிலாப்பூர், தியாகராய நகர் போன்ற பழைய பகுதிகள் உண்டு. வாக்காளர் எண்ணிக்கையில் மாநிலத்திலேயே பெரிய சட்டமன்றத் தொகுதியாக வளர்ந்த சோழிங்கநல்லூரும் அதில்தான் அடக்கம். தென்சென்னையில் 2019 மக்களவைத் தேர்தலில் புதிதாகக் களமிறங்கிய மக்கள் நீதி மய்யம் சுமார் 1.35 லட்சம் வாக்குகளை அள்ளியது. மாநில அளவில் அக்கட்சி நான்கு விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை. 2024இல் அதிமுகவை மூன்றாம் இடத்துக்குத் தள்ளிவிட்டு பாஜக இரண்டாவது வந்தது. இரண்டு முறையும் வென்றது திமுகதான். ஆனால் வேண்டும்போது சின்னத்தை மாற்றிக்கொள்ளும் வாக்காளர்கள் இங்கே பெருந்திரளாக இருப்பதை இந்த முடிவுகள் காட்டுகின்றன.

இந்தச் சுதந்திரம் வார்டுத் தேர்தலில் மட்டும் காணாமல் போய்விடுகிறது. 2022 பிப்ரவரி 19 அன்று நடந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் மாநிலத்தின் சராசரி வாக்குப்பதிவு 60 விழுக்காட்டைத் தாண்டியது. அம்பத்தூர், ஆலந்தூர், பெருங்குடி, சோழிங்கநல்லூர் என்று புறநகரை விழுங்கி விரிந்த சென்னை மாநகராட்சியில் பதிவானதோ 43.59 விழுக்காடுதான்.

டெல்லியில் யார் ஆளவேண்டும் என்பதில் தெளிவான கருத்துள்ள குடும்பங்கள், தங்கள் கவுன்சிலர் யார் என்று கேட்டால் விழிக்கின்றன. அவர்களின் அன்றாட வாழ்க்கையைப் பிடித்து ஆட்டுவதோ வார்டு விவகாரம்தான். மிக்ஜாம் புயலின்போது, 2023 டிசம்பரில், பள்ளிக்கரணையிலும் பெரும்பாக்கத்திலும் தரைத்தளம் மூழ்கியது, லிஃப்ட் நின்றது, மேல்மாடியில் இருந்தவர்கள் படகுக்குக் காத்திருந்தார்கள். சிட்லபாக்கம், செம்பாக்கம் ஏரிகளின் உபரிநீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் நோக்கிப் போகும் வழியில் எந்தக் கால்வாய் அடைபட்டிருக்கிறது, எங்கே ஆக்கிரமிப்பு, எந்தத் தெருவில் மழைநீர் வடிகால் பாதியில் நிற்கிறது என்பதையெல்லாம் மாமன்றத்தில் எழுப்ப வேண்டியவர் கவுன்சிலர். நம்மில் பாதிப்பேருக்கு மேல் அவரைத் தேர்ந்தெடுக்கப் போகவே இல்லை.

குடியிருப்போர் நலச் சங்கங்கள் இந்த இடத்தை நிரப்பிவிடும் என்ற எண்ணம் வேரூன்றி வருகிறது. சங்கங்கள் நல்ல வேலை செய்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் மாதப் பராமரிப்புக் கட்டணம் தண்ணீர் லாரியை வரவழைக்குமே தவிர, குடிநீர்க் குழாயை வரவழைக்காது. பல சங்கங்களில் வீட்டு உரிமையாளருக்குத்தான் குரல். வாடகைக்கு இருப்பவருக்கும் அங்கே வீட்டுவேலைக்கு வரும் பெண்ணுக்கும் குரல் கிடையாது. வாக்குச்சாவடியில் மூவருக்கும் ஒரே மதிப்பு. ‘சாலை போடாவிட்டால் ஓட்டு இல்லை’ என்று வாசலில் பேனர் கட்டும் சங்கங்கள், தங்கள் கையில் இருக்கும் ஒரே பிடியையும் தாங்களே விட்டுவிடுகின்றன.

குற்றத்தை மக்கள் தலையில் மட்டும் சுமத்துவது அநியாயம். 2016 அக்டோபருக்கு அறிவித்த தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்தபின், ஐந்தாண்டுக்கும் மேல் நகரங்கள் கவுன்சிலர் இல்லாமல் அதிகாரிகளின் கையில் கிடந்தன. அடுத்தடுத்து வந்த அரசுகள் தேர்தலைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தன. கவுன்சிலர் இல்லாமல் ஒரு தலைமுறை வாக்காளர்களைப் பழக்கிவிட்டு, அவர்கள் வரவில்லையே என்று அங்கலாய்ப்பதில் என்ன நியாயம்? ஊராட்சிகளிலும் இதே கதைதான்: 28 மாவட்டங்களில் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்ததும் தனி அலுவலர்கள் வந்து உட்கார்ந்தார்கள். ஆயிரக்கணக்கான அடுக்குமாடி வீடுகள் முளைத்துவிட்ட தாழம்பூர், படூர், ஊரப்பாக்கம் பகுதிகளும் ஊராட்சி நிர்வாகத்தின் கீழ் வளர்ந்தவைதான். இவை இருக்கும் செங்கல்பட்டு மாவட்டத்தின் ஊராட்சிகளுக்கு 2026 அக்டோபரிலும், மாநகராட்சிகளுக்கு 2027 மார்ச்சிலும் ஐந்தாண்டுக் காலம் நிறைகிறது. காலம் முடியும் முன்பே தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்கிறது அரசமைப்புச் சட்டம். இதில் ஒரு நாள் தாமதத்தையும் ஏற்க முடியாது.

அடுத்தது வாக்காளர் பட்டியல். சிறப்புத் தீவிரத் திருத்தத்தின்போது 2025 டிசம்பரில் வெளியான வரைவுப் பட்டியலில் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இடம்பெறவில்லை. அவற்றில் பெரும்பகுதி இடம்பெயர்ந்தோர் கணக்கில் நீக்கப்பட்டவை. புறநகரே இடம்பெயர்ந்தவர்களால் ஆனதுதான். பதினோரு மாத ஒப்பந்தத்தில் மேடவாக்கத்திலிருந்து மாடம்பாக்கத்துக்கு மாறுகிறவருக்குப் பெயரும் கூடவே மாற வேண்டும். முகவரி மாற்றத்துக்குப் படிவம் 8 இருக்கிறது. அதற்கு முகவரிச் சான்று தேடும்போது வாடகை ஒப்பந்தத்தைக் கொடுக்கவே வீட்டு உரிமையாளர் தயங்குகிறார். வாக்குச்சாவடி நிலை அலுவலர் வரும் பகல் வேளையில் வீடு பூட்டியிருக்கிறது. உள்ளாட்சித் தேர்தலுக்கும் அடிப்படை இந்தச் சட்டமன்றப் பட்டியல்தான். எனவே மாநிலத் தேர்தல் ஆணையம் வார்டுவாரிப் பட்டியலைத் தேர்தல் அறிவிப்புக்கு மூன்று மாதம் முன்னதாகவே வெளியிட வேண்டும். விடுபட்டவர்களைச் சேர்க்க, அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் தெருமுனைகளிலும் ஞாயிற்றுக்கிழமை முகாம்களை நடத்த வேண்டும். 2022 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் முதலமைச்சரே கலந்துகொண்ட பகுதி சபைக் கூட்டத்தைப் போல, ஒவ்வொரு வார்டிலும் சபையைக் கூட்டி அந்தப் பட்டியலை வாசித்துக் காட்டட்டும். வாடகைக்கு இருப்பவர்களையும் பெயர் சொல்லி அழைக்க வேண்டும்.