யார் வீட்டுக் கணினி, யார் குறிக்கும் ஆயுள்?

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11-க்கு மாற வேண்டும் என்கிறது அந்நிறுவனம். ஆனால், டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு ஏற்பாடும் புதிய தலைமுறைச் செயலியும் இல்லாத கணினிகளைப் புதிய பதிப்பு ஏற்பதில்லை. இதனால் 24 கோடிக் கணினிகள் குப்பைக்குப் போகக்கூடும் என்று கேனலிஸ் ஆய்வு நிறுவனம் 2023இல் மதிப்பிட்டது. அவை பழுதானவை அல்ல. அவற்றின் ஆயுளை முடித்துவைப்பது ஏகபோகத்தின் ஓர் அறிவிப்பு மட்டுமே.

மாற்றாகக் கட்டற்ற மென்பொருளை முன்வைத்தால், ‘பழக்கமில்லை’ என்ற பதில் வருகிறது. இத்தயக்கம் பொய்யல்ல. கைபழகிய இடத்தில் பொத்தான் இல்லையென்றால் வேலை தடைப்படும். பழைய கோப்புகளின் பக்க அமைப்பு கலையும். ஆனால் விண்டோஸ் 11இலும் தொடக்கப் பொத்தான் நடுவுக்கு நகர்ந்தது. வலப்பக்கச் சொடுக்குப் பட்டியலும் மாறியது. ஏகபோகம் திணிக்கும் மாற்றத்துக்கு முணுமுணுப்பின்றிப் பழகும் ஊழியருக்கு, மக்கள் நலனுக்கான மாற்றம் மட்டும் இயலாததா? பழக்கம்தான் ஏகபோகத்தின் மலிவான மூலதனம். பள்ளியிலேயே அதை விதைத்து, அலுவலகத்தில் அறுவடை செய்கிறது.

கேரளம் அந்த விதைப்பையே தடுத்தது. மைக்ரோசாஃப்டை மையமாக்கிய பாடத்திட்டத்தை ஆசிரியர் இயக்கம் எதிர்த்தது. 2006இல் அமைந்த வி.எஸ். அச்சுதானந்தன் தலைமையிலான இடது ஜனநாயக முன்னணி அரசு கட்டற்ற மென்பொருளைக் கொள்கையாகவே ஏற்றது. இன்று பொன்முடித் தேயிலைச் சரிவுகளிலிருந்து அரசுப் பள்ளிக்கு இறங்கிவரும் தொழிலாளியின் பிள்ளையும், திருவனந்தபுரம் நகரத்து மாணவரும் ஒரே குனு/லினக்ஸ் தளத்தில் பயில்கின்றனர். உரிமக் கட்டணத்தில் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்கிறது மாநில அரசின் ‘கைட்’ நிறுவனம். இது தானாக நிகழவில்லை. குறுந்தகட்டைக் கொடுத்துவிட்டு அரசு ஒதுங்கிக்கொள்ளவில்லை. ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தது, மலையாளத்தில் பாடநூல் தந்தது.

தமிழகத்துக்கும் இதில் பாடம் உண்டு. சென்னை சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸ் கையிலிருந்தும், பொதுப்பணம் உரிமக் கட்டணமாக வெளியேறுவது ஏன்? பழைய கணினிகளைக் கழிக்குமுன் அவற்றில் கட்டற்ற இயங்குதளத்தை நிறுவ வேண்டும். வேலைநேரத்திலேயே, ஊதியத்துடன் ஊழியர்களுக்குப் பயிற்சி தர வேண்டும். தமிழில் கையேடும், வட்டந்தோறும் தொழில்நுட்ப உதவியாளரும் வேண்டும். பயிற்சியின்றித் திணித்தால் ஊழியர் வெறுப்பர். அந்த வெறுப்பே ஏகபோகத்துக்கு விளம்பரமாகும்.

தொழிற்சங்கங்கள் இதனைக் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்கட்டும். சங்க அலுவலகக் கணினியிலிருந்தே மாற்றம் தொடங்கட்டும்!