சந்தா கட்டினவன் வாசல்ல நிக்கிறான்

2024 நவம்பர்ல மத்திய அரசு ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்துச்சு. மூணு வருஷத்துக்கு 6,000 கோடி ரூபாய். அரசுக் கல்லூரியிலயும் மத்திய அரசு ஆராய்ச்சி நிலையத்துலயும் இருக்கறவங்க ஏறக்குறைய 13,000 ஆய்விதழ்களைப் படிக்கலாம். நல்ல விஷயம்தான். ஆனா அந்தக் காசுல, உரமூட்டைக்கு நாங்க கட்டற வரியும் இருக்கே!

‘விவசாயிக்கு ஆய்வுக் கட்டுரை எதுக்கு?’ன்னு கேட்பீங்க. நெல்லையும் மண்ணையும் பத்தின ஆய்வு எங்களுக்கு இல்லாம வேற யாருக்குங்க? முப்பது வருஷப் பழைய கட்டுரைக்கும் டாலர்ல விலை சொல்றது என்ன நியாயம்?

அதுக்காகத் திருட்டு நகல் தேட வேண்டாம். ஜேஸ்டோர்ல இலவசக் கணக்கு தொடங்கினா மாசம் 100 கட்டுரை வரைக்கும் ஆன்லைன்ல படிக்கலாம். அதுல ரொம்பப் பழைய அமெரிக்க இதழ்க் கட்டுரைகளுக்குக் கணக்கே வேண்டாம். பழைய வேளாண் ஆய்வேடுகளுக்குக் கிருஷிகோஷ், மத்த ஆய்வேடுகளுக்குச் சோத்கங்கா இருக்கு. அங்கயும் இல்லைன்னா எழுதினவருக்கே மெயில் போட்டுக் கேளுங்க.

ஆனா இதெல்லாம் சந்துவழி. தலைவாசலைத் திறக்கணும். மாவட்ட மைய நூலகத்துல ஒரே ஒரு கம்ப்யூட்டர்லயாவது அந்தச் சந்தா கிடைக்கணும். நாங்க கேட்டா மனுவோட மனுவாப் போயிடும். பட்டணத்துல இருக்கற நீங்களும் சேர்ந்து கேளுங்க.