சாம்பலில் இருந்த சாட்சி

இந்தோனேசியாவின் ஃபுளோரஸ் தீவில் ஒரு காலத்தில் ஸ்டெகோடான் என்ற மிருகம் வாழ்ந்தது. யானையின் நேரடி முன்னோர் அல்ல. அழிந்துபோன பங்காளி எனலாம். அதன் எலும்புகள் அங்குள்ள சோவா படுகையில் எரிமலைச் சாம்பல் அடுக்குகளோடு புதைந்து கிடக்கின்றன.

அங்கே தேடியவர்களில் முக்கியமானவர் தியோடர் வெர்ஹோவன். தொழில்முறை ஆய்வாளர் இல்லை. டச்சுப் பாதிரியார், குருமடத்து ஆசிரியர். 1963ல் மாட்டா மெங்கே என்ற இடத்தில் தோண்டியபோது ஸ்டெகோடான் எலும்புகளோடு கல் கருவிகளும் கிடைத்தன. ஜாவாவில் ஸ்டெகோடான் எலும்புகள் ஹோமோ எரெக்டஸ் காலத்து மண்ணில் கிடைத்திருந்தன. அதை வைத்து, கருவிகளின் வயது சுமார் 7,50,000 வருடம் என்று எழுதினார்.

பெரும்பாலான நிபுணர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஃபுளோரஸ் ஆசியப் பெருநிலத்தோடு ஒட்டியிருந்ததே இல்லை. யானை வகைகள் நீந்தும், சரி. அவ்வளவு பழைய மனிதன் எப்படிக் கடலைத் தாண்டினான்?

நியாயமான கேள்விதான். வவுச்சர் இல்லாத கணக்கை எந்த ஆடிட்டரும் பாஸ் பண்ணமாட்டார். ஆனால் வவுச்சர் அந்த மண்ணிலேயே இருந்ததே! எரிமலைச் சாம்பலில் சிர்கான் என்ற படிகங்கள் உண்டு. அதற்குள் யுரேனியம் அணுக்கள் பிளக்கும்போது நுண்ணிய தடங்கள் விழும். தடங்களை எண்ணி, யுரேனியத்தின் அளவோடு ஒப்பிட்டால் சாம்பல் விழுந்த காலம் தெரிந்துவிடும். இந்த முறை 1960களிலேயே உருவானது.

மாட்டா மெங்கே சாம்பலை மைக் மோர்வுட் குழு இப்படி அளந்து வெளியிட்டதோ 1998ல். விடை: எலும்பும் கருவியும் கிடந்த மண்ணுக்கு 8,00,000 முதல் 8,80,000 வருடம். பாதிரியார் சொன்னதைவிடப் பழசு!

அதோடு நிற்கவில்லை. வெர்ஹோவன் 1965ல் தோண்டிய லியாங் புவா குகையில்தான் 2003ல் குள்ள மனித இனத்தின் எலும்புக்கூடு கிடைத்தது. 2014ல் மாட்டா மெங்கேயிலேயே சுமார் 7,00,000 வருடப் பழைய மனித இனத்தின் தாடையும் பற்களும் கிடைத்தன.

ஆதாரம் கேட்டது தப்பில்லை. சொன்னவர் யார் என்று பார்த்துவிட்டு, சொன்ன இடத்துக்குப் போய்ப் பார்க்க இத்தனை வருடம் எடுத்துக்கொண்டதுதான் தப்பு. சந்தேகம் வந்தால் அதைத் தீர்த்துக்கொள்ளும் வேலையும் சந்தேகப்பட்டவருக்கு உண்டு. ஃபுளோரஸில் அந்த வேலை நடக்க முப்பது வருடத்துக்கு மேல் ஆனது. சாம்பல் காத்திருந்தது, நல்லவேளை. எல்லா ஆதாரமும் அப்படிக் காத்திருக்காது.